சாவி யாரிடம் இருக்க வேண்டும்? வேலைத்தள மென்பொருளில் ரோல்களும் அனுமதிகளும்



இந்த வார எபிசோட்டில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விஷயத்தை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். "அட்மின் அக்சஸ்" என்ற சொல்லை ஒரு இருபது தடவையாவது சொல்லியிருப்போம். ஆனால் யாருக்கு எந்த அனுமதியைக் கொடுக்கிறது, அதை எப்படி ஒழுங்காக அமைக்கிறது என்று வடிவாகச் சொல்லவில்லை.

சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதுதான் என்ர வேலை. புது சிஸ்டம் வந்தவுடனே எல்லாரும் கேட்கிறது, "இதில என்னவெல்லாம் செய்யலாம்?" என்றுதான். "இதில ஆர் ஆர் என்னென்ன செய்யலாம்?" என்ற கேள்வி பெரும்பாலும் பிரச்சினை வந்த பிறகுதான் வரும். உங்களில் நிறையப் பேர் வேலையிடத்தில் "நீ கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்தானே, இதை செட்டப் பண்ணு" என்று மாட்டுப்பட்டவர்கள். வீட்டிலயும் அதே கதைதான். அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

அனுமதி என்பது ஒரு வசனம்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று படித்தது ஞாபகம் இருக்குதா? கடைசியாக அதுக்கு ஒரு பயன் வந்திருக்கு.

"நேர்ஸ் சிகிச்சைக் குறிப்பை வாசிக்கலாம்." நேர்ஸ் எழுவாய், சிகிச்சைக் குறிப்பு செயப்படுபொருள், வாசிக்கலாம் என்பது பயனிலை. எந்த மென்பொருளை எடுத்தாலும் அதன் அனுமதிப் பக்கம் முழுக்க இப்படிப்பட்ட வசனங்கள்தான். சில இடத்தில் நான்காவதாக ஒரு எல்லையும் வரும்: "நேர்ஸ், இன்று தன்னிடம் வருகிற நோயாளியின் குறிப்பை வாசிக்கலாம்." இந்த எல்லை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் நல்ல அமைப்புக்கும் மோசமான அமைப்புக்கும் வித்தியாசம் இருக்கும்.

பயனிலைகள் பெரும்பாலும் நான்குதான். பார்க்க, சேர்க்க, மாற்ற, அழிக்க. இவற்றை ஒன்றாகக் குழைத்து "முழு அனுமதி" என்று கொடுப்பது சுகமான வேலை. ஆனால் "மாற்றலாம்" என்பதும் "அழிக்கலாம்" என்பதும் வேறு வேறு.

ரோல் எதற்கு?

ஒரு பல் கிளினிக்கை எடுங்கோ. மூன்று பல் டொக்டர், நான்கு நேர்ஸ், வரவேற்பில் இரண்டு பேர், ஒரு கணக்காளர், ஒரு மேலாளர். மொத்தம் 11 பேர். சிஸ்டத்தில் ஏழு வகைத் தரவு இருக்கிறது: அப்பொயின்ட்மென்ட், தொடர்பு விவரம், சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, பில், ஊழியர் சம்பளம், பயனர் கணக்குகள். ஏழு பொருள், நான்கு செயல் என்றால் 28 அனுமதிகள். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தால் 308 கட்டங்களில் டிக் போட வேண்டும். ஆறு மாதம் போனால் எதை ஏன் போட்டோம் என்று உங்களுக்கே தெரியாது.

ரோல் என்பது வேலைக்குரிய தொப்பி. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் தொப்பிக்குக் கொடுக்கிறோம். பிறகு ஆளுக்குத் தொப்பியைப் போடுகிறோம். ஐந்து ரோல் என்றால் 140 முடிவுகள், அதையும் ஒரே தரம் எடுத்தால் போதும். புது நேர்ஸ் வந்தால் "நேர்ஸ்" என்ற தொப்பி ஒன்று, அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு முறையான வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும். ஆண்டு 1992. 2004இல் அது அமெரிக்கத் தரநிலையாகவும் ஆனது. ஆபீசில் யாராவது "ஆர்பேக்" என்று சொன்னால் இதைத்தான் சொல்லுகினம்.

அதற்கும் முன்னால், 1975இல், ஜெரோம் சால்ட்சரும் மைக்கல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சொன்ன கொள்கைகளில் இரண்டை மட்டும் மனசில வைச்சால் போதும். ஒன்று, வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும். இரண்டு, ஒன்றும் சொல்லாவிட்டால் பதில் "இல்லை" என்பதாக இருக்க வேண்டும். அதாவது எல்லாத்தையும் திறந்து விட்டுப் பிறகு பூட்டக் கூடாது. பூட்டிவிட்டுத் தேவைக்குத் திறக்க வேண்டும்.

கிளினிக்கை அமைப்போம்

முதலில் கணினியைத் தொடாதீங்கோ. ஒரு தாளில் அட்டவணை போடுங்கோ. இடப்பக்கம் ரோல்கள், மேலே தரவு வகைகள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு நாளில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கோ. பதவியின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.

வரவேற்பில் இருப்பவருக்கு அப்பொயின்ட்மென்ட்டும் தொடர்பு விவரமும் வேணும். பில் பார்க்கவும் சேர்க்கவும் வேணும். சிகிச்சைக் குறிப்பு? "ஓம், வேணும்" என்பார்கள். ஏன் என்று கேளுங்கோ. "இந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கிறது என்று பார்க்க" என்று பதில் வரும். அப்ப அவருக்குத் தேவை குறிப்பு இல்லை, நேரம்தான். அப்பொயின்ட்மென்ட்டிலேயே "60 நிமிடம்" என்று ஒரு கட்டம் வைத்தால் முடிந்தது. ஒரு நோயாளிக்கு என்ன மருந்து போகிறது, என்ன வருத்தம் இருக்கிறது என்பதை வரவேற்பு மேசையில் திறக்கவே தேவையில்லை. இப்படி "ஏன்" என்று ஒரு தரம் கேட்பதுதான் இந்த வேலையின் பாதி.

நேர்ஸுக்குக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் பார்க்க, சேர்க்க அனுமதி. டொக்டருக்கு அதோடு மாற்றவும் அனுமதி. அழிக்கும் அனுமதி? ஒருவருக்கும் இல்லை. தவறாக எழுதினால் திருத்தம் எழுதலாம், பழையதும் அடியில் இருக்கும். மருத்துவப் பதிவு அப்படித்தான் இருக்க வேண்டும்.

கணக்காளருக்குப் பில்லும் சம்பளமும். சிகிச்சைக் குறிப்பு இல்லை. பில்லில் சிகிச்சையின் பெயர் வரும், அது அவருக்குப் போதும்.

மேலாளருக்கு அப்பொயின்ட்மென்ட், பில் பார்க்கும் அனுமதி, பயனர்களைச் சேர்க்கும் அனுமதி. குறிப்பு இல்லை. இந்த இடத்தில்தான் சண்டை வரும். "நான்தானே இந்த இடத்தை நடத்திறன், எனக்கே பூட்டோ?" ஆனால் கிளினிக்கை நடத்துவதும் நோயாளிக்குச் சிகிச்சை செய்வதும் இரண்டு வேலை. முதலாளியே பல் டொக்டராகவும் இருந்தால்? அவருக்கு இரண்டு கணக்கு கொடுங்கோ. நாளாந்த வேலைக்கு டொக்டர் கணக்கு, அமைப்பை மாற்றும்போது மட்டும் அட்மின் கணக்கு. எந்த நேரமும் அட்மினாக இருந்து மெயில் பார்த்து, தெரியாமல் ஒரு மோசமான லிங்கை அமத்தினால், உள்ளே வருகிறவனும் அட்மினாகத்தான் வருவான்.

சோதிக்காமல் விடாதீங்கோ

ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு பொய்ப் பயனரை உருவாக்கி, நீங்களே உள்ளே போய்ப் பாருங்கோ. இரண்டு சோதனை வேணும். அந்த ஆளின் ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்ய முடிகிறதா? செய்யக் கூடாததைச் செய்ய முடியாமல் இருக்கிறதா? பலர் முதலாவதோடு நிற்பார்கள்.

பின்வழிகளையும் பாருங்கோ. தேடல் பெட்டியில் நோயாளியின் பெயரைப் போட்டால் குறிப்பின் ஒரு வரி எட்டிப் பார்க்குதா? எக்செல்லுக்கு இறக்கினால் மறைத்து வைத்த நிரல்களும் சேர்ந்து வருதா? கைபேசிச் செயலியிலும் அதே பூட்டுத்தானா? ஒரு பட்டனை மறைப்பது அனுமதியை மறுப்பது ஆகாது. பட்டனுக்குப் பின்னால் இருக்கிற முகவரியை நேராகத் தட்டினால் கதவு திறந்தால், அது பூட்டில்லை, திரைச்சீலை. மென்பொருள் செய்கிறவர்களுக்கும் இது பெரிய தலையிடி. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021 பட்டியலில் உடைந்த அனுமதிக் கட்டுப்பாட்டைத்தான் முதலிடத்தில் வைத்தது.

அதே நேரம் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. வரவேற்பில் இருப்பவர் ஒரு சின்ன விஷயத்துக்கு நாளைக்குப் பத்துத் தரம் டொக்டரைக் கூப்பிட வேண்டி வந்தால், மூன்றாவது கிழமை டொக்டரின் பாஸ்வேர்ட் ஒரு மஞ்சள் துண்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். அதன் பிறகு உங்கட அழகான அட்டவணைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. பாஸ்வேர்ட் பகிரப்படுகிறது என்று கண்டால் ஆளைத் திட்டுவதற்கு முதல் ரோலைப் பாருங்கோ. பெரும்பாலும் அங்கேதான் ஒரு அனுமதி குறைவாக இருக்கும்.

ஒரே கையில் இரண்டு சாவி

சில அனுமதிகள் தனித்தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை, ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து. புது விற்பனையாளரைச் சிஸ்டத்தில் சேர்ப்பவரும் அவருக்குக் காசு அனுப்புபவரும் ஒருவராக இருந்தால், இல்லாத ஒருவருக்கே காசு போகலாம்.

இதற்குப் பேர் போன உதாரணம் பேரிங்ஸ் வங்கி. சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் பங்குச் சந்தை வர்த்தகத்தையும் பார்த்தார், அந்த வர்த்தகத்தின் கணக்கு முடிக்கும் பகுதியையும் அவரே பார்த்தார். வாங்கி விற்கிற கையும் அதைச் சரிபார்க்கிற கையும் ஒன்று. நட்டங்களை 88888 என்ற ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். 1995 பெப்ரவரியில் உண்மை வெளியே வந்தபோது நட்டம் 827 மில்லியன் பவுண். 1762இல் தொடங்கிய வங்கி ஒரு பவுணுக்கு விற்கப்பட்டது.

நம்மட கிளினிக்கில் அது, "சம்பளத்தை மாற்றுகிறவர் கணக்காளர், அதை உறுதிசெய்கிறவர் மேலாளர்" என்ற ஒரு வரிதான். பல மென்பொருட்களில் இதற்கு "ஒப்புதல்" என்று ஒரு படி இருக்கும். அதை ஓன் பண்ணி விடுங்கோ.

வருகிறவர், மாறுகிறவர், போகிறவர்

அமைத்து முடித்த அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிறகு மனிதர்கள் அசைவார்கள்.

வருகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள், ஏனென்றால் அனுமதி இல்லாவிட்டால் அவர் சத்தம் போடுவார். மாறுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. வரவேற்பிலிருந்து கணக்குக்குப் போனவருக்குப் புது அனுமதி கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். அனுமதி கூடினால் ஒருவரும் முறைப்பாடு செய்ய மாட்டார்கள் தானே. பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்தவரின் கணக்கைத் திறந்து பாருங்கோ, கோயில் தர்மகர்த்தா இடுப்பில் கொழுவியிருக்கிற சாவிக் கொத்து மாதிரி இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போர்த்துக்கல் உதாரணம். லிஸ்பனுக்குத் தெற்கே பரெய்ரோவில் இருக்கிற அரச மருத்துவமனையைத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தது. சிஸ்டத்தில் "டொக்டர்" ரோலோடு 985 பயனர்கள் இருந்தார்கள். மருத்துவமனையில் வேலை செய்த டொக்டர்கள் 296 பேர். 2018இல் 400,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பாவின் புதிய தரவுச் சட்டம் அமுலுக்கு வந்த அதே ஆண்டு.

போகிறவர் விஷயத்தில் சின்னத் தாமதமே போதும். 2017 நவம்பரில் டொனால்ட் ட்ரம்பின் ட்விட்டர் கணக்கு 11 நிமிடம் காணாமல் போனது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஒருவர் தன் கடைசி வேலை நாளில் அதை முடக்கிவிட்டுப் போனார் என்று ட்விட்டரே அறிவித்தது. இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது. வெளியேறும் நாளில் அவருக்கு ஏன் அந்த அனுமதி? ஒரு நாட்டுத் தலைவரின் கணக்கை ஒரே ஒரு ஆள் ஏன் தனியாக முடக்க முடிந்தது?

கோடை விடுமுறைக்கு வருகிற தற்காலிக ஆளுக்கு அனுமதி கொடுக்கும்போதே முடிவுத் தேதியையும் போடுங்கோ. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் முழுப் பட்டியலையும் எடுத்து, "இது இன்னும் வேணுமா?" என்று அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கோ. அரை மணித்தியால வேலை.

யார் திறந்தார்கள் என்ற கேள்வி

இனி நான் சொல்லப் போகிறதுதான், இந்த வேலையை வெறும் டிக் போடும் வேலையாக நான் பார்க்காததற்குக் காரணம்.

பின்லாந்தில் ஒரு பெண் அரச மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில் நேர்ஸாக வேலை செய்தார். அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்ஐவி தொற்றுக்குச் சிகிச்சை பெற்றும் வந்தார். 1992 அளவில், கூட வேலை செய்பவர்களுக்குத் தன் வருத்தம் தெரிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அப்போது ஊழியர்கள் நோயாளிப் பதிவுகளைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது. யார் பார்த்தது என்று கண்டுபிடிக்கக் கேட்டபோது வந்த பதில், முடியாது என்பதுதான். சிஸ்டம் கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே காட்டியது. அதிலும் ஆளின் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான். பதிவு காப்பகத்துக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும்.

பின்லாந்து நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் அவரிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் ஏன் இல்லை? சிஸ்டம் அதை எழுதி வைக்கவில்லை. 2008 ஜூலை 17இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது: பதிவுகளைத் தேவையற்ற பார்வையிலிருந்து காப்பது அரசின் கடமை, அது நடக்கவில்லை, அவருடைய தனிவாழ்வு உரிமை மீறப்பட்டது. தீர்ப்பில் அவர் பெயர் வெளியிடப்படவில்லை.

அனுமதி யார் திறக்கலாம் என்று சொல்லும். லொக் யார் திறந்தார்கள் என்று சொல்லும். இரண்டும் வேணும். மருத்துவமனையில் எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டவும் ஏலாது. இரவு இரண்டு மணிக்கு மயங்கி வருகிறவரின் பதிவைத் திறக்க, அன்றைக்கு அங்கே இருக்கிற டொக்டருக்கு முன்கூட்டியே அனுமதி இருக்காது. அதற்குத்தான் "கண்ணாடியை உடை" என்ற வழி இருக்கிறது. தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடி மாதிரி. யாரும் உடைக்கலாம், ஆனால் ஏன் என்று எழுத வேண்டும், சத்தம் கேட்கும், பிறகு ஒருவர் வந்து பார்ப்பார்.

நோர்வேயில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஹெல்செநோர்கே தளத்தில் உங்கட மருத்துவமனைப் பதிவை யார் திறந்தார்கள் என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அம்மா அப்பாவுக்கும் ஒரு தரம் காட்டிக் கொடுங்கோ.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

கடைசியாக எங்கட ஆக்களிடம் வருவோம். உங்களில் கனபேர் ஊர்ச் சங்கத்துக்கோ தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கோ ஐ.டி. வேலை செய்து கொடுப்பவர்கள். அங்கே இந்தக் கட்டுரையில் சொன்ன எதைச் செய்யப் போனாலும் வருகிற முதல் வசனம் இதுதான்: "தம்பி, என்னில நம்பிக்கை இல்லையோ?"

எங்கட சமூகத்தில் சாவி என்பது மரியாதை. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் நம்பர் எல்லாம் இருக்கிற பட்டியலை, முந்தின நிர்வாகத்தில் இருந்த மாமாவின் சொந்த ஜிமெயிலிலிருந்து எடுக்கப் போனால், அவரைக் கதிரையிலிருந்து எழுப்பின மாதிரி ஆகிவிடும். அவர் பத்து வருடம் சம்பளம் இல்லாமல் உழைத்தவர். அவரின் மனம் நோவதில் நியாயம் இருக்கிறது.

நான் இப்படிச் சொல்வேன்: "மாமா, நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் உங்களை ஒருத்தரும் கேக்க ஏலாது. அதுக்குத்தான்." இது சமாளிப்பு இல்லை, உண்மை. அனுமதி இல்லாதவர் மேல் சந்தேகம் விழாது. சாவியைக் கொடுக்கும்போது பொறுப்பையும் சேர்த்துத்தான் தலையில் வைக்கிறோம். அதை இறக்கி வைப்பது அவருக்குச் செய்கிற நன்மை.

தொழில்நுட்பமாக ஒரு விஷயம். கூகுள் ட்ரைவில் ஒருவரின் சொந்த இடத்தில் இருக்கிற கோப்பு அவருடையது. அந்தக் கணக்கு அழிந்தால் கோப்பும் போகும். "பகிர்ந்த ட்ரைவ்" என்பதில் கோப்பு அமைப்புக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு இருக்கும். இலவச ஜிமெயிலில் இந்த வசதி இல்லை, வேர்க்ஸ்பேஸ் வேணும். ஆனால் தகுதியுள்ள இலாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் அதை இலவசமாகத் தருகிறது. உங்கட சங்கம் பதிவு செய்யப்பட்டதென்றால் கேட்டுப் பாருங்கோ.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

1. வேலையிலோ சங்கத்திலோ ஒரு சிஸ்டத்தை எடுத்து, அட்மின்கள் யார் என்று எண்ணுங்கோ. ஒருவர் மட்டும் என்றால் அவருக்கு வருத்தம் வந்தால் எல்லாம் நிற்கும், இரண்டாமவரைச் சேருங்கோ. ஐந்துக்கு மேல் என்றால் ஏன் என்று கேளுங்கோ.

2. போன வருடம் விலகியவர்களின் பெயர்களைத் தேடுங்கோ. இன்னும் உள்ளே இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கோ.

3. "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்திருக்கும் கோப்புகளைத் தேடி மூடுங்கோ. முதலில் பிள்ளைகளின் விவரங்கள் உள்ளவை.

4. அட்மின் கணக்குகள் எல்லாத்துக்கும் இரண்டு கட்ட உள்நுழைவைப் போடுங்கோ.

செய்து பார்த்து என்ன வந்தது என்று வழமை போல இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. குறிப்பாக, "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் யாரிடமாவது இருந்தால் கட்டாயம் அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். அதில் பாஸ்வேர்ட் மனேஜர்கள் பற்றிக் கதைக்கிறோம், அந்த மஞ்சள் துண்டையும் சேர்த்து.

சந்திப்பம்!